காலிதீன் காக்காவின் பட்டாள லொறி

காலிதீன் காக்காவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். கவலை அதற்குப் பிறகு. நிந்தவூர்க்காரர்; வயதில் மூத்தவர் என்பதால் எனக்குக் காக்கா, அதாவது அண்ணன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பட்டாளம் விற்றுவிட்டுப் போன பிக்கப் லொறி ஒன்று வைத்திருந்தார். அதில் பதுளைக்குக் கருவாடு ஏற்றுவார். அறுவடைக் காலத்தில் எருமைகளுக்குப் பதிலாக அதைக் களத்தில் கதிர்களின் மேல் சுற்றவிட்டு, நெல் உதிரச் சூடு மிதிப்பார். அவர் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த வண்டியால்தான்.

ஐம்பத்து நாலாம் ஆண்டு, பெரும்போக அறுவடை முடிகிற நேரம். கல்முனையில் என் கராஜுக்குள் அந்த வண்டி வந்தது. பின்னால் நீலப் புகை. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம்.

நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. அது பழைய வியாதி, அடிக்கடி ஒயில் ஊற்றினால் ஓடும். சத்தம்தான் புதிது. எஞ்சினை ஓடவிட்டு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூன்றாவதைக் கழற்றியதும் சத்தம் அடங்கியது. ஒயிலை வடித்தேன். மினுமினுவென்று உலோகத் தூள். அந்த இடத்துப் பெயாரிங் உருகி, எஞ்சினைச் சுழற்றும் கிராங்க் தண்டையும் தின்றுவிட்டது. அந்த வண்டிக்கு வேறு கிராங்க் இலங்கை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

ஒயில் வற்றிய பிறகும் ஓட்டியிருக்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்ன காக்கா, குச்சிய எடுத்து ஒயில் பாக்கல்லையா?”

“பாத்தன். காஞ்சி கிடந்திச்சி. களத்துக்குள்ள நிண்டு இல்லெண்டு எப்பிடிச் செல்ற தம்பி?”

எங்கள் பக்கத்துக் களங்களில் இல்லை, குறைவு, முடிந்தது என்று யாரும் வாய் திறப்பதில்லை. சொன்னால் நெல் சுருங்கிவிடும் என்பார்கள். மிதிப்பின் நடுவே வண்டியை வெளியே எடுப்பதும் ஆகாது. அது பெரிய வயற்காரரான அப்துல் ஹமீட் போடியாரின் களம். போடியாரின் நெல்லுக்குக் குறை வரக்கூடாது என்று, இருந்த சொட்டு ஒயிலோடு அந்திவரை ஒரே பக்கமாகச் சுற்றியிருக்கிறார் மனிதர். எல்லாம் மிதித்து முடித்த பிறகுதான் ஒயில் ஊற்றியிருக்கிறார்.

இனி இது ஓடாது என்று சொன்னேன். வண்டி என் கராஜின் பின்புறத்திலேயே நின்று துருப்பிடித்தது.

காலிதீன் களத்து மரியாதை தெரிந்த ஆள் என்று போடியார் என்னிடம் மெச்சினார். அடுத்த போகத்துக்கு ஒரு டிராக்டரை வாடகைக்குப் பிடித்தார். காக்காவை வைக்கோல் உதறக் கூப்பிட்டார். அவரும் ஓம் என்று போனார்.

அந்த அறுவடையில் ஒரு மத்தியானம் காக்கா வெறுந்தகரத்தோடு என்னிடம் வந்தார். டிராக்டருக்கு ஒயில் வேண்டுமாம். வெளியூரிலிருந்து வந்த டிரைவர் நடுக்களத்தில் டிராக்டரை நிறுத்தி, ஒயில் இல்லை என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னானாம்.

“போடியார் ஏசல்லையா?”

“இல்ல. சுறுக்கா வாங்கிட்டு வா எண்டு என்னய அனுப்பினாரு.”

தகரத்தை நிரப்பிக் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. காக்கா அதைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் வயலுக்கு நடந்தார்.