குடைத்துணி ரவிக்கை

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் அரிசிக்கு அடுத்தபடியாகக் காணாமற்போனது துணிதான். ஆண்கள் கோணிச்சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு மரவள்ளி கொத்தப் போனார்கள். அந்தப் பஞ்சத்திலும் என் சின்னம்மாவுக்குப் புது ரவிக்கை கேட்டது. தோட்டத்துத் துரை தப்பி ஓடும்போது விட்டுப்போன கறுப்புக் குடை அப்பாவிடம் இருந்தது. அதன் கம்பிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, துணியை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் இந்த ஏற்பாடு. சின்னம்மாவுக்கு வயிற்றுவலி என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா உண்மையைச் சொன்னாள். குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி அவள் கையில் தட்டுப்பட்டிருக்கிறது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர், என்ன கட்டி என்று தன்னால் சொல்ல முடியாது, செவ்வாய்க்கிழமைதோறும் வரும் பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்கு முந்தின வருஷம் எங்கள் லயத்து வீடுகளில் ஒருத்தி இதே மாதிரி கட்டி வந்து புண்ணாகிச் செத்துப்போனாள். கடைசிவரை அவளுக்குப் புண்ணைக் கழுவிவிட்டது சின்னம்மாதான்.

நூலுக்கு எங்கே போவது? அன்னாசி இலையைச் சுரண்டி நார் எடுத்துத்தான் தைத்தோம். நாரைத் திரித்துக் கொடுப்பது என் வேலை. சின்னம்மா காலையில் தைப்பாள். கை கோணல், கழுத்து இறக்கம் என்று சாயங்காலம் பிரித்துவிடுவாள். கங்காணியையே வாயால் ஓட்டிவிடுகிறவள், அந்த நாட்களில் என்னைச் சீண்டக்கூட இல்லை. இப்படியே ஒரு செவ்வாய் போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

"டாக்டர் ஒன்னையப் பாப்பாரா, ஒன் தையலப் பாப்பாரா?" என்று அம்மா கேட்டாள்.

"கிழிஞ்சதப் போட்டுக்கிட்டு ஒரு ஆம்பள முன்னால நிக்கச் சொல்றியாக்கா?"

அம்மா அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை வாரிவிட்டாள்.

எனக்கோ ஆத்திரம். கரி போட்டு ஓடும் பஸ்ஸில் என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். இவள் தைத்து முடிப்பதற்குள் கரியே தீர்ந்துவிடும்போல் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து ரவிக்கையைக் கையில் எடுத்தேன். முன்பக்கம் மட்டும் தைக்காமல் கிடந்தது. இரட்டை நார் கோத்து, மேலிருந்து கீழ்வரை இறுக்கித் தைத்து, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு வைத்தேன்.

திரும்பி வந்தவள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, தெறப்ப மூடித் தொலைச்சிட்டா, பிரிச்சிரு என்றாள்.

"வேணாங்க்கா. இதப் பிரிச்சா நான் போகமாட்டேன்" என்றாள் சின்னம்மா.

மறுநாள் அதைச் சட்டைபோலத் தலைவழியே மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நல்லவேளை, துரையின் குடை பெரிய குடை. பக்கத்து ஊர் பீடோங்கில் பஸ் ஏறினோம். வழியில் ஜப்பான் சிப்பாய் நின்ற இடத்தில் எல்லோரும் இறங்கிக் குனிந்து வணங்கினோம். மற்றவர்கள் நிமிர்ந்த பிறகும் அவள் குனிந்தபடியே நின்றாள். சிப்பாயே போ போ என்று கையை ஆட்ட வேண்டியதாயிற்று. அவனுக்குப் போய் இவ்வளவு பயப்படுகிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் அம்மாவும் அவளும் திரைக்குப் பின்னால் போனார்கள். நான் பெஞ்சில் காலை ஆட்டியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே யாரோ சிரித்தார்கள்.

சின்னம்மா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். கையிலிருந்த ரவிக்கை முன்பக்கம் இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. வெறும் நீர்க்கட்டிதானாம், ஊசி குத்தி நீரை இழுத்ததும் கட்டி இருந்த இடம் தெரியவில்லையாம். அன்றைக்கு அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"ஒன் தையலுக்கு டாக்டரே கத்திரி எடுக்கும்படியாப் போச்சுலா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அம்மாவும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

என் தையலைப் பார்த்துத்தான் இந்தக் கேலி என்று எனக்கு ஆங்காரமாக வந்தது. பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். சின்னம்மா விடவில்லை. என் தலையை இழுத்து இடது மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஊசி குத்திய இடம் வலித்திருக்கும். நான் பீடோங் வந்து சேரும்வரை திமிறிக்கொண்டே இருந்தேன். அவள் பிடியைத் தளர்த்தவே இல்லை.