எனக்குத் தெரிந்த மூன்று சிங்களச் சொற்கள்

எழுதத் துணிந்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சையோடு என் எழுத்து வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம், உட்துறைமுக வீதியில் ஓர் இரும்புச் சாமான் கடையின் பின்கட்டில், பெட்டிகளின் மேல் "ஆணி", "பிணைச்சல்" என்று எழுதியதுதான். பின்கட்டு வேலையை நானாகக் கேட்டு வாங்கினேன். முன்னால் நின்றால் ஆட்களோடு கதைக்க வேண்டும்.

கூச்சம் என்றால் சின்னக் கூச்சம் இல்லை. தெருவில் தெரிந்த முகம் வந்தால் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வேன். திருகோணமலையில் என் செருப்பைப் போல அடிக்கடி சரிசெய்யப்பட்ட செருப்பு வேறு இருக்காது.

அப்படிப்பட்ட நான் காலையில் கொஞ்ச நேரம் மட்டும் வேறு மனிதனாக இருந்தேன். எங்கள் ஒழுங்கையில் முதலாவது வீடு என்னுடையது. கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களவர் ஒருவர் மணிப்பாட்டுப் போட்டுக்கொண்டு, பாணும் பணிஸும் விற்கிற ஓட்டோவில் வருவார். முதல் நாள் அவர் மிச்சக் காசைத் தந்தபோது, மரியாதைக்காக "ஹரி, ஹரி" என்றேன். சரி சரி என்று அர்த்தம். அவர் முகம் மலர்ந்து சிங்களத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். "எஹெமத?" என்றேன். அப்படியா என்று அர்த்தம். இன்னும் நீளமாகச் சொன்னார். "அனே" என்றேன். ஐயோ பாவம் என்று அர்த்தம். என் சிங்களம் அவ்வளவுதான்.

ஆனால் அந்த மூன்று சொற்களில் எனக்குக் கூச்சமே வரவில்லை. விளங்காத பாஷையில் நான் என்ன பிழையாகச் சொல்லிவிட முடியும்? கேற்றில் கையை ஊன்றி, சாரத்தை மடித்துக் கட்டி, தலையை நிமிர்த்திச் சிரித்தேன். அவர் என்னை "மாத்தையா" என்றார். ஐயா, துரை என்ற மாதிரி. அந்தச் சொல்லுக்காகவே, தேவையில்லாத நாட்களிலும் பாண் வாங்கினேன்.

"அந்தாளோட சிரிக்கிற சிரிப்பில ஒரு காவாசி, என்ர அம்மா வரேக்க சிரிச்சால் என்ன?" என்று மனைவி கேட்பாள். அவளும் எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு என்று நம்பியிருந்தாள். நானும் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் கதைக்க வேண்டும் அல்லவா?

பக்கத்து வீட்டு அக்கா தையல் வேலை செய்து, தனியாக மகளைப் படிப்பிக்கிறவர். வாடகை வீடு. வீட்டுக்காரர் கந்தளாயில் இருந்த சிங்களவர். நல்ல தமிழ் கதைப்பார். அவருக்கு வயது போனதால் வீட்டு விசயத்தை மகனிடம் விட்டுவிட்டார். மகனுக்குத் தமிழ் தெரியாது. அந்த மகன், வீட்டைப் பற்றிக் கதைக்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தான்.

அக்கா மதிலுக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வீட்டை விட்டு எழும்பச் சொல்லத்தான் வாறானெண்டு பயமாக் கிடக்கு. பிள்ளை ஏ.எல். சோதனை எழுதி முடியுமட்டும் விடச் சொல்லி ஒருக்காச் சொல்லித் தாங்கோ. எங்கட ஒழுங்கையில சிங்களம் கதைக்கிற ஆம்பிளை நீங்கள் ஒராள்தானே."

ஏலாது என்ற சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தேன். "ஓம் அக்கா" என்று வந்தது.

வெளுத்த சேர்ட்டைத் தேடிப் போட்டேன். அது வேறு பிழை. சேர்ட்டைப் பார்த்ததும் அந்தப் பொடியன் மோட்டார் சைக்கிளில் இருந்து இறங்கி, என்னைக் கும்பிட்டு, அக்காவின் விறாந்தையில் என் பக்கமே கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். அக்கா விருந்தினருக்கு என்று வைத்திருந்த பூப்போட்ட கோப்பைகளில் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

அவன் பேசினான். மரியாதையான பொடியன், ஒவ்வொரு வசனத்துக்கும் முடிவில் என் முகத்தைப் பார்த்தான். நான் "எஹெமத?" என்றேன். மேலும் பேசினான். "ஹரி" என்றேன். அவன் முகம் தெளிந்தது. அவன் முகம் தெளிந்ததைக் கண்டு எனக்கும் உற்சாகம் வந்து, "ஹரி, ஹரி!" என்றேன். காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் போட்டதாகக்கூட ஞாபகம்.

"என்னவாம், தம்பி?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

"நல்ல மாதிரித்தான் கதைக்கிறார்" என்றேன். அதில் பொய் இல்லை.

"பிள்ளையின்ர சோதனையைச் சொன்னனீங்களோ?"

"அதுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறன்."

வருவதற்கு வழி இருக்கவில்லை. எங்கள் ஊருக்குள் மாடுகளைப் போலத் திரியும் மான்களில் ஒன்று, வேலியோரம் மேய்ந்தது, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அதற்கு மட்டும் விசயம் விளங்கிவிட்டது போல இருந்தது. அதற்குள் பொடியன் எழுந்து, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான். அதைக் கண்ட அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கடவுள் உங்களை நல்லா வைச்சிருப்பார், தம்பி" என்றார்.

அந்த நேரம் பார்த்து மணிப்பாட்டுக் கேட்டது. பின்னேரப் பாண் ஓட்டோ அக்காவின் வாசலிலேயே வந்து நின்றது. பாண்காரர் இறங்கினார். ஊர்க்காரனைக் கண்ட சந்தோசத்தில் பொடியன் என்னைக் காட்டிக் காட்டி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னான். பாண்காரரின் கையிலிருந்த இடுக்கியில் பணிஸ் அப்படியே நின்றது. அவர் அக்காவைப் பார்த்துத் தமிழில் கேட்டார்:

"அக்கா, மாசம் முடிய வீடு விட்டுப் போறதா? எங்க போறது?"

அவருக்குத் தமிழ் தெரியும் என்பது எனக்கு மட்டும்தான் புதினம். ஒழுங்கையில் எல்லோரும் அவரோடு தமிழில்தான் கதைத்திருக்கிறார்கள். நான் ஒருவன் மட்டும் சிங்களத்தில் கதைத்ததால்தான் என்னைப் பண்டிதன் என்று நினைத்திருக்கிறார்கள்.

"ஆர் சொன்னது?" என்றார் அக்கா.

"இந்த மாத்தையாதானே ஹரி சொன்னது. வெள்ளைக்காரருக்கு வாடகை அறை போடப் போறாராம். மாசம் முடிய விடுறது ஹரியா கேட்டது. மாத்தையா ஹரி, ஹரி ரெண்டு தரம் சொன்னதாம்."

அக்கா என் பக்கம் திரும்பினார். குனிந்து பார்த்தேன். செருப்பை வாசலில் கழற்றியிருந்தேன். சரிசெய்வதற்கு வார் இல்லை.

"எனக்குச் சிங்களம் தெரியாது, அக்கா" என்றேன். அன்று நான் ஒழுங்காகச் சொன்ன முதல் வசனம் அதுதான்.

மிச்சத்தைப் பாண்காரர் பார்த்துக்கொண்டார். பணிஸைப் பிடித்த இடுக்கியை ஆட்டி ஆட்டிப் பொடியனோடு வாதாடினார். உள்ளே மேசையில் கிடந்த பிள்ளையின் புத்தகங்களைக் காட்டினார். பொடியன் தலையைச் சொறிந்தான், என்னைப் பார்த்தான், கடைசியில் சிரித்துவிட்டான். சோதனை முடியுமட்டும் இருக்கலாம், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கேட்கக் கூடாது என்று சொன்னதாகப் பாண்காரர் சொன்னார். இந்தமுறை ஹரி சொன்னவர் அக்கா.

பொடியன் போன பிறகு, "நீங்கள் இன்னும் கொஞ்சம் சிங்களம் கதைச்சிருந்தால் தம்பி, நான் இண்டைக்கே சாமான் கட்டியிருப்பன்" என்றார் அக்கா. கோபமா பகிடியா என்று பார்க்க நான் நிமிரவில்லை.

பாண்காரர் போகாமல் நின்றார்.

"அப்ப நான் காலையில சொன்ன கதை ஒண்டும் விளங்கயில்லையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"என்ர மகன் சோதனை பெயில் ஆனது சொன்னது. மாத்தையா பெரிசா சிரிச்சது."

எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது.

"நான் நினைச்சது, மாத்தையா நிறைய உலகம் கண்ட ஆள், இது சின்ன விசயம் எண்டு சிரிக்கிறது எண்டு. வீட்டுக்குப் போய் மகனுக்கும் சொன்னது. நாங்க ரெண்டு பேரும் சிரிச்சது." இடுக்கியை ஓட்டோவுக்குள் வைத்தார். "இப்ப அவனுக்கு என்ன சொல்றது?"



மறுநாள் காலை பாண் ஓட்டோ வந்தது. "அண்ணே, றோஸ் பாணா, அச்சுப் பாணா?" என்று பாண்காரர் தமிழில் கேட்டார். நான் றோஸ் பாணை விரலால் காட்டி, வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.