வேட்பாளர் விலகினால் யார் வருவார்?

இன்று எங்கள் அஜின்கோர்ட் பகுதித் தமிழ்ச் சாப்பாட்டுக் கடை வரிசையில் எனக்கும் மகளுக்கும் முன்னால் நின்றவர் அமெரிக்கத் தேர்தலைப் பற்றி நண்பருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஜனாதிபதி வேட்பாளர் இடையில விலகினா, துணை ஜனாதிபதிக்கு நிக்கிறவர் தானா அந்த இடத்துக்கு வருவார்."

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டிலேயே பிறந்த என் மகள் விடவில்லை. "இல்லை அங்கிள். கட்சிக் கொமிற்றி கூடி வோட் போடவேணும். அவரையும் எடுக்கலாம், வேற ஆளையும் எடுக்கலாம்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அவர் யோசித்தார். "எங்கட ஊர்ச் சங்கத்தில தலைவருக்கு நிண்டவர் விலக, உபதலைவரைப் போனில கதைச்சுப் போட்டிட்டமே, பிள்ளை."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, உங்களையும் அப்பிடித்தானே போட்டவை?"

இருந்தாலும் பெற்றவனுக்குப் பெருமைதான். போனில் தலைவரான மற்றவர்களும் கீழே கருத்துப் பகுதியில் கையைத் தூக்குங்கள்.