குலுக்காத டப்பா

மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து வாங்கிப் போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். மூன்று நாள் விடு, அதற்குமேல் விடாதே. விட்டால் திறந்த மூக்கு மறுபடியும் அடைத்துக்கொள்ளும், பிறகு அந்தச் சொட்டு இல்லாமல் பொழுதே போகாது. யாரும் கேட்பதில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான். நானும் விடாமல் கத்துவேன். வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வருகிற எல்லாருக்கும் இந்த நர்ஸின் வாய் தெரியும். அந்த வாயால் ஒருத்தியைக் கிட்டத்தட்டக் கொன்றிருப்பேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பட்டாசு ஆபீஸில் புஸ்வாணத்துக்குக் கலவை அடைக்கிற வேலை. இங்கே ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் அலுமினியத் தூள் மினுங்கும். இழுப்பு வந்து என்னிடம் வந்தபோது இன்ஹேலர் கொடுத்து, எல்லாருக்கும் ஒப்பிக்கிற பாடத்தை அவளுக்கும் ஒப்பித்தேன். நல்லாக் குலுக்கு, மூச்சை வெளியே விடு, வாயில் வைத்து அழுத்தி மெதுவாக உள்ளே இழு, பத்து எண்ணும்வரை அடக்கு. அடித்தபின் கொஞ்ச நேரம் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பயப்படாதே. ஆனால் நடுங்குகிற கையோடு கலவையைத் தொடாதே. கடைசியாக, அவள் வேலையை நினைத்து, என் பங்குக்கு ஒன்றைக் கூடுதலாக அழுத்திச் சொன்னேன்.

“டப்பாவை வெயில்ல போட்டுறாத. தீக்கிட்ட கொண்டு போகாத. உள்ள கேஸ் இருக்கு, வெடிச்சிரும்.”

அவள் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எவ்வளவு பொறுப்பானவள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நாலு மாதம் அவள் தவறாமல் வந்தாள். ஒவ்வொரு தடவையும் இழுப்பு கூடியிருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் உள்ளே யாரோ விடாமல் சீட்டியடித்துக்கொண்டிருப்பார்கள். வேலைக்குப் போகிற பொம்பளைகளில் பாதிப்பேர், கை நடுங்கினால் உள்ளே விடமாட்டார்கள் என்று மருந்தே அடிப்பதில்லை. இவளும் அந்தக் கூட்டம்தான் என்று ஏசினேன்.

“அடிக்கேன் சிஸ்டர். என் புள்ளைக மேல சத்தியமா அடிக்கேன்.”

நான் நம்பவில்லை. பொய் சொல்கிறவளுக்கு மருந்து கொடுத்து என்ன பிரயோஜனம் என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவள் எழுந்து போகும்போது நாற்காலியைச் சத்தமே வராமல் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள். ஏதோ உறுத்தியது. இன்னதென்று பிடிபடவில்லை.

புரட்டாசியில், தீபாவளி ஆர்டர் நெருக்குகிற சீசனில், ஒருநாள் முற்பகல் அவளை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கூட வந்தது அவளுடைய நாத்தனார், அவளோடு ஒரே ஷெட்டில் வேலை பார்ப்பவள். நாத்தனார் முகமெல்லாம் சிரிப்பு.

“காலைல இருந்து ஊருக்கே கேக்க இழுத்துச்சு சிஸ்டர். நல்லவேளை, வார வழியிலயே நின்னுருச்சு.”

அவள் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தாள். உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. தோள் ஏறி ஏறி இறங்கியது, சத்தம் மட்டும் இல்லை. முதுகில் குழாயை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாற்றி வைத்தேன். நாலு மாதமாகச் சீட்டியடித்த அந்த நெஞ்சில் ஆள் குடியில்லாத வீட்டின் அமைதி. உயிரோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்திக்குள் மூச்சின் சத்தமே இல்லாததை அன்றுதான் கேட்டேன். இழுப்புச் சத்தம் இருக்கிறவரை காற்று போய்வருகிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால் காற்றே நின்றுகொண்டிருக்கிறது. பக்கத்தில் நாத்தனார் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆக்சிஜன் வைத்து, அதோடு நெபுலைசரும் வைத்தோம். டாக்டர் ஊசி போட்டார். நூற்றெட்டு ஆம்புலன்ஸில் ஏற்றி விருதுநகருக்குக் கொண்டுபோகும்போது நானும் கூடப் போனேன். நாடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை. பாதி வழியில் குழாய்க்குள் ஒரு மெல்லிய சீட்டி திரும்பி வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அது வெளியிலும் கேட்கத் தொடங்கியதும், கூடவே வந்த நாத்தனார்தான், “ஐயோ, திரும்ப இழுக்கே” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து அவள் பிழைத்து, நாத்தனாரோடு வந்து நின்றாள். இந்தத் தடவை நான் ஏசவில்லை.

“எப்படி அடிக்கன்னு எனக்குச் செஞ்சு காமி,” என்றேன்.

செருப்பைக் கழற்றினாள். குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்து எடுத்தாள். ஷெட்டுக்குள் நுழையுமுன் உடம்பிலிருக்கிற மின்சாரம் இறங்க அவர்கள் செப்புத் தகட்டைத் தொடுவார்கள். அதே தொடல். பிறகு மஞ்சள் பைக்குள்ளிருந்து துணியில் சுற்றிய டப்பாவை, தூங்குகிற பிள்ளையை எடுப்பதுபோல் எடுத்தாள். ஆடாமல் அசையாமல் வாய்க்குக் கொண்டுபோனாள். அழுத்தினாள், இழுத்தாள், அடக்கினாள். எல்லாம் சரி. குலுக்க மட்டும் இல்லை.

குலுக்காத டப்பாவில் மருந்து தனியே பிரிந்து நிற்கும். வருவதில் பாதி வெறும் காற்று. நாலு மாதமாக அவள் அதைத்தான் நம்பி இழுத்திருக்கிறாள். நான் அவளைப் பொய்க்காரி என்றேன்.

“குலுக்கச் சொன்னேன்ல?”

“சொன்னீக. பொறவு வெடிச்சிரும்னும் சொன்னீகள்ல.”

அவள் தொழிலில் டப்பாவை யாரும் குலுக்குவதில்லை. தட்டுவதில்லை, தரையில் இழுப்பதில்லை. போன வருஷம் பக்கத்து ஷெட்டில் யாரோ ஒரு டப்பாவை ‘டொக்’கென்று வைத்தார்கள் என்றும், வைத்தது யார் என்று சொல்லக்கூட ஆள் மிஞ்சவில்லை என்றும் நாத்தனார் சொன்னாள். எனக்கு ஆத்திரம், என் மேலேயேதான். டப்பாவைப் பிடுங்கி, “இந்தா, இப்படித்தான்,” என்று காதருகே வைத்துப் படபடவென்று குலுக்கினேன்.

திறந்த கதவுக்கு வெளியே வராந்தாவின் பெஞ்சுகளில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஆபீஸ் ஆட்கள். ஒருவர்கூடக் கத்தவில்லை. அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து, என் கையைப் பார்த்தபடியே, பின்பக்கமாக நடந்து வாசலுக்கு வெளியே போய்விட்டார்கள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பிள்ளையின் முகத்தை மாரோடு அமுக்கிக்கொண்டு போனாள். நொடியில் வராந்தா காலி. அவர்களில் எத்தனை பேருக்கு நான் இன்ஹேலர் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தபோது குலுக்கின கை அப்படியே நின்றுவிட்டது.

அன்று முழுக்க ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன். தீயில் போட்டால்தான் ஆபத்து, குலுக்கினால் ஒன்றுமில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். கண் மட்டும் டப்பாவை விட்டு நகரவில்லை.

மறுமாதம் அவள் வந்தாள். செய்து காட்டச் சொன்னேன். டப்பாவோடு எழுந்து வெளியே போனாள். ஆளில்லாத இடமாகப் பார்த்து, காம்பவுண்டின் கடைசிக்கே போய் நின்றாள். கையை முழுசாக நீட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, பத்துத் தடவை குலுக்கினாள். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு திரும்பி வந்து, என் முன்னால் உட்கார்ந்து, பிசகில்லாமல் அடித்தாள். நெஞ்சில் குழாயை வைத்தேன். காற்று தாராளமாகப் போய்வந்தது.

“வீட்டுலயும் இப்படியா செய்ற?”

“ஆமா சிஸ்டர். இழுப்பு வந்தா புள்ளைகள உள்ள விட்டுக் கதவைச் சாத்திட்டு, ஊரணிக் கரைக்குப் போயிருவேன்.”

“மூச்சு முட்டும்போது அம்புட்டுத் தூரமா? ஒண்ணும் ஆகாதுன்னு எத்தன தடவ சொன்னேன்?”

“சொன்னீக,” என்றாள், டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டே. “ஆனா ஆச்சுன்னா, நான் ஒருத்தி மட்டும் போகணும்ல.”