மஞ்சள் கோட்டுக்கு உள்ளே

எங்கள் பள்ளியின் புகையிலை ஒழிப்புக் குழுவுக்குப் பொறுப்பாசிரியர் நான்தான். தலைமையாசிரியை என்னைத் தேர்ந்தெடுத்தபோது எல்லார் முன்னிலையிலும் காரணம் சொன்னார். "சார் பௌர்ணமி தவறாம கிரிவலம் போறவரு. கெட்ட பழக்கம்னு ஒண்ணு கிடையாது." கிரிவலம் போவது உண்மை. மற்றது, பல வருடங்களாக நான் மென்று துப்பிய ஏலக்காயின் கைங்கரியம்.

பள்ளி வேங்கிக்கால் பக்கம், புதுவீடுகள் முளைத்துக்கொண்டே இருக்கிற ஒரு தெருவில் இருக்கிறது. அதே தெருவில்தான் பாயின் பெட்டிக்கடை. மாலை மணி அடித்ததும் அந்தக் கடைக்குப் பின்னால் நின்று ஒரு சிகரெட் பிடிப்பேன். எங்கள் பிள்ளைகள் யாராவது வந்தால், "சார், தண்ணி லாரி வருது" என்று பாய் குரல் கொடுப்பார். நான் சிகரெட்டை மிதித்துவிட்டு ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்வேன். எங்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு.

பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் புகையிலைப் பொருட்கள் விற்பதில்லை என்ற பலகையைக் கடைகளுக்குக் கொடுத்தோம். பலர் அதை மூட்டைக்குப் பின்னால் சொருகினார்கள். பாய் முகப்பிலேயே தொங்கவிட்டார், அதன்படி நடக்கவும் செய்தார். "அப்பாவுக்குத்தான்" என்று வருகிற பையன்களை, "அப்பாவையே வரச் சொல்லு, போ" என்று விரட்டிவிடுவார்.

பிறகு மஞ்சள் கோடு வந்தது. பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் பீடி, சிகரெட் எதுவும் விற்கக்கூடாது என்பது சட்டம். அந்த எல்லை ரோட்டில் பளிச்சென்று தெரியும்படி கோடு போட்டாக வேண்டும் என்றார்கள். டேப்பின் ஒரு முனையைப் பள்ளி வாசலில் நான் பிடித்தேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. "குடுங்க சார், நான் புடிக்கிறேன்" என்று பாய் இறங்கி வந்தார். கால்வாய் போட அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. டேப்பை மாற்றி மாற்றி வைத்து, தன் கடையைத் தாண்டியும் இழுத்துக்கொண்டு போனார். கடை கோட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டது.

விஷயத்தைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அதுலதான் சார் ஜாஸ்தி வியாபாரம். இன்னா பண்றது, சட்டம்னா சட்டம்தான்" என்றார். அன்றைக்கே சரக்கையெல்லாம் மொத்தக் கடைக்குத் திருப்பி அனுப்பினார். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்து, "இனிமே ஒண்ணு இருந்தாலும் லைசென்ஸ் கேன்சல்" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் சோடா குடிக்கத்தான் போனேன். பாய் கடலைமிட்டாய் டப்பாவின் அடியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். "உங்களுக்கு மட்டும் வெச்சிருக்கேன் சார். கோட்டுக்கு அந்தாண்ட போய் நின்னீங்கன்னா ஊரே பாக்கும்." வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கமில்லாமல் ஒன்றை உருவிக்கொண்டேன். அது தினப்படி வழக்கமாயிற்று.

போன மாதம் மறுபடி ஆய்வுக்கு வந்தார்கள். தலைமையாசிரியையும் நானும் கூடவே போனோம். கடலைமிட்டாய் டப்பாவைக் கவிழ்த்ததும் பாக்கெட் வந்து விழுந்தது. பாதி காலி.

"யாருக்கு விக்கிற? ஸ்கூல் பசங்களுக்குத்தானே?" என்றார் ஆய்வாளர்.

பாய் தலையைக் குனிந்துகொண்டார். பையன்களை விரட்டியே பழகிய மனிதர். என்னால் தாங்க முடியவில்லை. "அது என்னுது சார். எனக்காக வெச்சிருந்தாரு" என்று சொல்லிவிட்டேன்.

ஆய்வாளர் சிரித்தார். தலைமையாசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி இரக்கப்பட்டு பழிய நீங்க ஏத்துக்கலாமா சார்?" என்றார். நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் பாயே குறுக்கிட்டார். "சாருக்கு அந்த வாடையே ஆவாதுங்க. என்மேல இருக்கிற பிரியத்துல சொல்றாரு."

பிள்ளைகளுக்கு விற்றார் என்றே எழுதிக்கொண்டார்கள். லைசென்ஸ் போயிற்று, கடையை மூடினார். நான் செய்த தியாகத்தைப் பற்றித் தலைமையாசிரியை மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேச, பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் கூனிக் குறுகி நின்றேன்.

ஆய்வு நடந்த அன்று, ஆய்வாளரின் ஜீப் கிளம்பி, தலைமையாசிரியையும் பள்ளிக்குத் திரும்பியதும் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார், பொசுக்குனு சொல்லிட்டீங்க? யாராவது நம்பியிருந்தா உங்க வேலை இன்னாவறது?" என்றார்.

நம்ப வைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. முந்தின நாள் அதே பாக்கெட்டிலிருந்து உருவிய ஒரு சிகரெட், கைக்குட்டையில் சுற்றி என் பேண்ட் பையில்தான் இருந்தது. ஆய்வாளர் சிரித்தபோது என் கை அதைத் தொட்டுக்கூடப் பார்த்தது. வெளியே எடுக்கவில்லை.