சுவருக்குள் நின்றவளுக்குக் கட்டிய கும்மி

பேய்ப் படம் பார்த்துவிட்டு வந்து அதற்குக் கும்மிப் பாட்டுக் கட்டியவர்கள் கோயமுத்தூர்ச் சீமையிலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

முப்பதுகளின் தொடக்கத்தில் பீளமேட்டில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். ரீலிங் பகுதி, நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் இடம். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் பெண்கள். என் பக்கத்து ரீலில் நின்றவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு பேசுவார். சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைக் கண்ணு என்பார். எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது சினிமா.

ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. களி கிண்டி வைத்துவிட்டு, அவிநாசி ரோட்டில் நடந்தே டவுனுக்குப் போய்ப் பகலாட்டம் பார்ப்போம். சென்னையில் படம் பேச ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். எங்கள் கொட்டகைக்கு வந்தவை இன்னும் பேசாத படங்கள்தான். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார், கீழே ஒருவர் ஆர்மோனியம் வாசிப்பார். மற்றப் பெண்கள் சாமிப் படத்துக்குக் காத்திருப்பார்கள். எங்களுக்கு வெள்ளைக்காரன் ஊர்ப் பேய்ப் படம் வந்தால் போதும்.

அக்காவுக்குப் பேய் மேல் நம்பிக்கை உண்டு, எனக்குக் கிடையாது. அதனாலேயே பேச்சு ஓயாது. திங்கட்கிழமை சோற்று நேரத்தில் தூக்குப்போசியைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவோம்.

"கதவு தானாத் தொறக்கறது பயமில்லை கண்ணு," என்பார் அக்கா. "தொறக்கப் போவுது, தொறக்கப் போவுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கறம் பாரு, அதுதான் பயம். பேயி வந்துபோட்டா அப்புறம் என்ன? அதும் நம்ம மாதிரி ஒரு ஆளு."

அந்த ஆவணியில் ஒரு படம் வந்தது. சொத்துக்காக அண்ணன் மனைவியை அவள் கொழுந்தன் கட்டிப்போட்டு, உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறான். அதன் பிறகு அந்த வீட்டில் யார் படுத்தாலும் சுவருக்குள்ளிருந்து தட்டும் சத்தம். கடைசியில் ஊரே திரண்டு வந்து வீட்டை இடிக்கிறது. சுவர் விழுந்ததும் கொட்டகையில் விசிலும் கைதட்டலும். பேய் ஒழிந்தது என்று அவ்வளவு சந்தோஷம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

திரும்பி வரும்போது அக்காவிடம் கேட்டேன். "ஏனுங்கக்கா, அவ என்னங்க தப்புப் பண்ணுனா? தட்டுனா, அவ்வளவுதானுங்களே. ஒருத்தராச்சும் 'என்னம்மணி வேணும்'னு கேட்டாங்களா?"

அக்கா ரோட்டோரம் நின்று என் பக்கம் திரும்பினார். பிறகு, "நீ கேளு," என்றார். "கேட்டு, அவ என்ன சொல்லுவான்னு பாட்டாக் கட்டு. மெட்டு நாந் தாரேன்."

நான் நாலாவது வரை படித்தவள். பாட்டென்று எதையும் கட்டியதில்லை. ஆனால் ரீல் சுற்றும்போது கை தானாக வேலை செய்யும். மனசு சும்மாதானே இருக்கும்? மூன்று நாளில் ஐந்து கண்ணி கட்டினேன். ஒன்று மட்டும் தீர்மானமாக இருந்தேன்: பாட்டில் பேய் என்ற சொல்லே வரக்கூடாது. அக்கா அதற்கு இழுத்து இழுத்துப் பாடுகிற கும்மி மெட்டு ஒன்று போட்டார். இரண்டு வரிக்கு ஒரு முறை கைதட்டு. அந்தக் கைதட்டு சுவரைத் தட்டுகிற மாதிரியே கேட்கும். அந்த யோசனை முழுக்க அக்காவுடையது.

செவுத்துக்குள்ளே நிக்கறேனுங்க – நானு
செத்துப்போனேன்னு சொன்னதாருங்க?
கவுத்தைக் கொண்டு கட்டிப்போட்டு – எங்
காத்தை அடைச்சுப் போட்டதாருங்க?

தட்டற சத்தங் கேக்குதுங்களா – அது
தாழ்ப்பாள் தொறக்கச் சொல்லுதுங்க
கட்டுன கையி கொழுந்தன் கையி – அதைக்
காட்டிக் குடுக்கத் தட்டறேனுங்க

வெள்ளிக்கிழமை சோற்று நேரத்தில் நாங்கள் இரண்டு பேர் பாடினோம். அடுத்த வாரம் ரீலிங் பகுதி முழுக்கப் பாடியது. படம் பார்க்காதவர்களும் பாடினார்கள். முப்பது பெண்கள் ஒரே நேரத்தில் கைதட்டும்போது கூரைத் தகரம் அதிர்ந்தது.

அது எங்கள் மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பகுதியில் சன்னல்களை எப்போதும் மூடியே வைத்திருப்பார்கள். காற்றடித்தால் நூல் அறுந்துவிடும் என்று சொல்வார்கள். பஞ்சுத் தூசியில் இருமாத பெண் கிடையாது. 'காத்தை அடைச்சுப் போட்டதாருங்க', 'தாழ்ப்பாள் தொறக்கச் சொல்லுதுங்க' என்று முப்பது பேர் பாடினால் அவர் என்ன நினைப்பார்? தன்னைத்தான் பாடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். நேராகப் போய் மேனேஜரிடம் சொல்லிவிட்டார்.

எங்கள் இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நான் அதுவரை அந்த அறைக்குள் போனதில்லை. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"இது யார் கட்டின பாட்டு?"

அக்கா முந்திக்கொண்டார். "நாந்தானுங்க. இந்தப் புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கும் தெரிந்தது. வேலை போனால் வீட்டில் என்ன நடக்கும் என்றும் தெரியும். ஆனாலும் என் வார்த்தைகளை இன்னொருவர் பேரில் விட்டுவிட்டு நிற்க என்னால் முடியவில்லை.

"மெட்டு அக்காவுதுங்க," என்றேன். "வார்த்தை பூராவும் என்னுதுங்க."

"பாடு," என்றார்.

பாடினேன். முதல் கண்ணி முடியும்வரை தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவதில் அக்கா மெதுவாகக் கைதட்ட ஆரம்பித்தார். அப்புறம் எனக்குப் பயம் போய்விட்டது. ஐந்து கண்ணியையும் முடித்தேன். மேஸ்திரி கதவோரம் நின்று, "பாத்தீங்களா சார்?" என்றார்.

மேனேஜர் அவரைப் பார்க்கவில்லை. "டவுன்ல ஓடுச்சே, அந்தச் செவுத்துப் படமா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க."

"அப்போ சன்னலைப் பத்தி இல்லையே?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பக்கத்தில் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். வேண்டுமென்று இருமியதல்ல, அவருக்கு இரண்டு வருஷமாகவே அந்த இருமல்.

"பாட்டு படத்தைப் பத்துனதுதானுங்க," என்றேன். "ஆனா சன்னலும் மூடித்தானுங்க கெடக்குது."

மேனேஜர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "வேலைக்குப் போங்க," என்றார். வேலை உண்டா இல்லையா என்று புரியாமலே ரீலுக்குத் திரும்பினோம். சாயங்காலம் சங்கு ஊதி வெளியே வந்ததும் அக்கா, "பொய் சொன்னது நானு. நீ எதுக்கு அதைக் கெடுத்தே?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் சிரித்துவிட்டார்.

நாலு நாள் கழித்து ஒரு தச்சர் ஏணியோடு வந்தார். கீழ்ச் சன்னல்களைத் தொடவில்லை. கூரைக்குக் கீழே ஆணி அடித்து மூடியிருந்த சின்னச் சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். நூல் ஒன்றும் அறுந்து போகவில்லை. யாரும் எங்களிடம் வந்து காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் முதல் சன்னல் திறந்ததும் ரீலிங் பகுதியில் எல்லோரும் திரும்பி எங்கள் இரண்டு பேரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைகளை இன்றும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வேன்.

அந்தப் பாட்டை நான் எதை நினைத்துக் கட்டினேன் என்று பின்னாளில் என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். சத்தியமாகச் சுவருக்குள் இருந்தவளைத்தான் நினைத்தேன். ஆனால் அவளுக்கு மூச்சு முட்டும் என்று எனக்கு எப்படித் தெரிந்தது? அந்த ரீலுக்குப் பக்கத்தில் நின்றதனால்தான்.

பாட்டு மில்லைத் தாண்டிப் போயிற்று. கொட்டகையில் கதை சொல்பவர் அதைக் கேள்விப்பட்டு, அந்தப் படம் மறுபடி வந்தபோது ஆர்மோனியக்காரரை அந்த மெட்டை வாசிக்க வைத்தார். அந்த வருஷமே இன்னும் மூன்று படங்களுக்குப் பாட்டுக் கட்டினோம். நிழல் விழாத மனிதனுக்கு ஒன்று கட்டினோம். அதை அக்கா தெலுங்கிலும் பாடுவார்.

அடுத்த சித்திரையில் அவிநாசித் தேருக்கு இரண்டு பேரும் போயிருந்தோம். தேர் நிலையிலிருந்து கிளம்பக் காத்திருந்த நேரத்தில், வேப்பமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கும்மியடித்துக் கொண்டிருந்தார்கள். கிட்டப் போனால், எங்கள் பாட்டு! 'கொழுந்தன் கையி' என்பதை 'பாவி கையி' என்று மாற்றியிருந்தார்கள்.

நான் வட்டத்தில் எனக்கு நேராக வந்த ஒரு அம்மாவிடம், "ஏனுங்க, இது நானும் இந்த அக்காவும் கட்டுனதுங்க," என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது எங்கூர்ப் பாட்டுங்க. எங்க ஆத்தா காலத்துல இருந்து பாடறமுங்க."

அக்கா என் கையைக் கிள்ளினார். அவர்களுக்கு நாலு கண்ணிதான் தெரிந்திருந்தது. நாலாவது முடிந்து பெண்கள் மூச்சு வாங்கியபோது, நான் ஐந்தாவதை எடுத்தேன்:

இடிச்ச கல்லைத் தூக்கிப் பாருங்க – அதுல
எங் கை ரேகை இருக்குதுங்க
முடிச்ச கதைன்னு போயிராதீங்க – என்ர
மூச்சு இன்னமும் மிச்சமுங்க

வட்டம் நின்றது. அந்த அம்மா பக்கத்துப் பெண்ணைக் கையால் நகர்த்தி இரண்டு பேருக்கு இடம் விட்டார். அக்கா செருப்பைக் கழற்றி மரத்தடியில் போட்டுவிட்டு உள்ளே போனார். நானும் போனேன்.