ஒரு போத்தில் வெள்ளை மருந்து

அந்த வெள்ளை மருந்து பூசிய இடமெல்லாம் நெருப்புப் பட்டதுபோல் எரியும். அதன் நெடி பாயிலும் பள்ளிக்கூடச் சட்டையிலும் ஏறி, நான் வகுப்புக்குள் நுழையுமுன்பே நான் வருவதைச் சொல்லிவிடும்.

எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் ஊரான புளியங்கூடலில் பிள்ளைகளின் விரலிடுக்குகளிலெல்லாம் சிரங்கு பரவியிருந்தபோது, பட்டணத்திலிருந்து வைத்தியர்கள் வந்து பள்ளிக்கூட மண்டபத்தில் இலவச முகாம் வைத்தார்கள். தங்கை வசந்திக்கு நான்கு வயது; என்னைவிட அவளுக்குத்தான் மோசம். இரவெல்லாம் சொறிந்து அழுதுவிட்டு விடியத்தான் கண்ணயர்ந்தவளை அப்பாவிடம் விட்டுவிட்டு, அம்மா என்னை மட்டும் கூட்டிப்போனார்.

வாசலில் 'மிஸ்ஸி' என்று நாங்கள் சொல்லும் தாதி ஒரு படிவம் தந்தார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது.

"சின்னவளுக்கும் சிரங்குக் கடி எண்டு எழுது தம்பி."

வரிசையில் பின்னால் நின்ற வகுப்புத் தோழன் ரூபன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "என்னடா, உங்கட வீடு முழுக்கச் சொறியோ? நாளைக்கு வகுப்பில உன்ர வாங்கில, உனக்குப் பக்கத்தில நான் இருக்கமாட்டன்." அவனும் சொறிந்துகொண்டுதான் நின்றான். ஆனாலும் எனக்கு முகமெல்லாம் சுட்டது. 'வீட்டில் வேறு யாருக்கும் உண்டா?' என்ற கேள்விக்கு நேரே, ஆசிரியர் எப்போதும் மெச்சும் என் கையெழுத்தில், 'இல்லை' என்று எழுதினேன்.

"எழுதிப்போட்டியே?"

"ஓம் அம்மா."

அம்மா பெருவிரலை மையில் ஒற்றி அந்தப் பொய்யின் கீழே அழுத்தினார்.

படிவத்தைப் பார்த்து, ஒருவருக்கு என்று ஒரு போத்தில்தான் தந்தார்கள். "ஒண்டுதானோ?" என்று கேட்ட அம்மாவிடம், "அவ்வளவுதானாம்" என்றேன்.

"நீ பள்ளிக்கூடம் போற பிள்ளை, உனக்கு முதல் மாறட்டும்" என்று முழுவதையும் எனக்கே பூசினார். எனக்குச் சிரங்கு காய்ந்து மாறியது. வசந்தியின் கைகளோ சீழ் பிடித்து வீங்கின. காய்ச்சலில் பிதற்றத் தொடங்கியவளைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா பட்டணத்து ஆசுப்பத்திரிக்கு பஸ் ஏற, நானும் பின்னால் ஏறினேன்.

"முகாம் வச்சவைதானே? இந்தப் பிள்ளைக்கும் எண்டு சொல்லியிருக்கலாமே? படிக்காத சனத்தோட ஏலாது" என்று அங்கே ஒரு மிஸ்ஸி ஏசினார்.

அம்மா குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "எனக்கு எழுதத் தெரியாது மிஸ்ஸி, ஆனா இவன் எழுதிக் குடுத்தவன். இவன் வடிவா எழுதுவான், பிழை விடமாட்டான்."

நான் கட்டிலின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வசந்தி தப்பிவிட்டாள். அவளுடைய விரலிடுக்கு வடுக்கள் இன்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பிள்ளைகள் குறைந்து அந்தப் பள்ளிக்கூடமும் மூடப்பட்டுவிட்டது. ரூபன் கனடாவில் இருக்கிறான். அம்மா மட்டும், எந்தப் படிவம் வந்தாலும், "பெரியவன் வரட்டும், அவன் எழுதினாச் சரியாயிருக்கும்" என்று எடுத்து வைக்கிறார். போன கிழமையும் ஒன்று வைத்திருந்தார். நிரப்பிவிட்டு, பெருவிரல் வைக்கும் இடத்தைக் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

அவருக்கு வாசித்துக் காட்டத்தான் இதை எழுதத் தொடங்கினேன். மேலே உள்ளதை எழுதி இரண்டு நாளாகிறது. தாள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.